கம்மல் கழன்ற ஏழு ஆடுகள்

திருக்கோகர்ணத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது விசாலி துப்பறியும் நிலையம். அதன் ஒற்றை மேசைமேல் ரம்லத் பீவி ஒரு துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கலகலவென்று ஏழு பிளாஸ்டிக் வில்லைகள் விழுந்தன. எல்லாம் மஞ்சள். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் ஒரு நம்பர்.

“ஏழு ஆடு போயிருச்சு ஆச்சி. மிச்சம் இதுதான்.”

ஜெபக்குமார் ஒரு வில்லையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஆட்டுக்கு ஐடி கார்டா? அறந்தாங்கி ரூட்டுல நரை தட்டுற வரைக்கும் டிக்கெட் கிழிச்சேன். எனக்கு முதலாளி கடைசி வரைக்கும் ஒண்ணு தரல.”

பஸ் முதலாளி பெர்மிட்டை விற்றுவிட்டுப் போனதும், ஜெபக்குமார் வேலை தேடி ஏறி இறங்கிய மாடிகளில் கடைசி மாடி இது. ‘உதவியாளர் தேவை’ என்று பார்த்து வந்தார். யாருக்கு உதவி, எதற்கு உதவி என்பதெல்லாம் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி விசாலிக்கு அவர் மகள் வயதிருக்கும். திருமயம் பக்கத்துச் செட்டியார் வியாபாரக் குடும்பத்துப் பெண்; அந்த வழக்கப்படி சின்ன வயதிலேயே எல்லாருக்கும் ‘ஆச்சி’. சென்னையில் கணக்குத் தணிக்கை வேலையை உதறிவிட்டு வந்து போர்டு மாட்டியவள். ‘அடுத்தவன் வம்பை வாடகை குடுத்து வாங்குறா’ என்று அவள் அப்பா நாச்சியப்பன் இன்னும் புலம்பிக்கொண்டிருந்தார்.

“முதல்லேருந்து சொல்லுங்கக்கா,” என்றாள் விசாலி.

ரம்லத் பீவி கறம்பக்குடிக்காரி. அவள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு. அவர்களுக்கு ஒரு கம்பெனி கடன் கொடுத்தது. ரூபாயாக அல்ல, ஆடாக. ஆளுக்கு இரண்டு வெள்ளாடு. வாரத் தவணை கட்ட வேண்டும். குட்டி போட்டுப் பெருகினால், கம்பெனியே எடை போட்டு, தரகு பிடிக்காமல் வாங்கிக்கொள்ளும். அதில் கம்பெனிக்கு வரும் லாபத்தைக் கம்பெனிக்காரர் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அடுத்த ஊர்ப் பெண்களுக்கு ஆடு வாங்கவே அது போகும்.

“முன்னெல்லாம் மீட்டர் வட்டிக்கு வாங்கித்தான் ஆடு புடிப்போம் ஆச்சி. ஆடு எங்க கொட்டகையில நிக்கும், குட்டி அவன் கொட்டகைக்குப் போகும். இப்பத்தான் பிச்சையம்மா கூரையைப் பிரிச்சுட்டு ஓடு போட்டிருக்கா. எம் மக நாஜியா காலேஜுக்குப் போறா. எல்லாம் இந்த ஆட்டால.”

“திருடன் வந்தது எப்ப?”

“எப்ப வந்தான்னே தெரியாது. பட்டப்பகல்ல ஆடு காணாமப் போகும். காதுல மாட்டியிருந்த இந்தக் கம்மல் மட்டும் வாசல்ல கெடக்கும்.”

காது வில்லைக்கு அந்தப் பெண்கள் வைத்த பெயர் கம்மல். காப்பீட்டு அடையாளம் அது. ஆடு நோவில் செத்தால், வில்லையைக் காட்டினால் இழப்பீடு வரும். வில்லை இல்லாவிட்டால் ஒன்றும் வராது.

“வசதியான திருடனா இருக்கானே!” என்றார் ஜெபக்குமார். “ஆளைக் கடத்திட்டு டிக்கெட்டை மட்டும் பத்திரமாத் திருப்பிக் குடுத்திருக்கான்.”

“அங்கதான் வம்பே. ‘செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுங்க, பணம் வந்துரும், எதுக்குப் போலீஸு’ன்னு கம்பெனி ஆபீசர் விக்ரம் தம்பி சொல்றான். திருடு போனதைச் செத்துப்போச்சுன்னு நாங்க எப்புடி எழுத? நாளைக்கு விஷயம் வெளிய வந்தா குழுவையே கலைச்சுருவாங்க. எழுதலைன்னா, இல்லாத ஆட்டுக்குத் தவணை கட்டணும்.”

அவள் காலித் துணிப்பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அதைக்கூடத் தாங்கிக்குவேன் ஆச்சி. எங்க அண்ணன் பக்கீர் முகமது கறிக்கடை வச்சிருக்காரு. ஆடு காணோம்னதும் தெருவே அவரைத்தான் பாக்குது. என் மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்லல. ஆனா கூட்டத்துல எம் பக்கத்துல உக்காந்திருந்தவ இப்ப நாலு ஆள் தள்ளி உக்காருறா.”

விசாலி வில்லைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஆறை மேசையின் ஒரு பக்கம் ஒதுக்கினாள். ஏழாவதை மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, கைப்பையின் உள்ளறையில் போட்டுக்கொண்டாள். ஜெபக்குமார் அதைக் கவனித்தார். கேட்டால் சொல்ல மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

“கெளம்புங்கண்ணே. கறம்பக்குடிக்கு ஒரு ஃபுல் டிக்கெட்.”

பக்கீர் முகமதுவின் கடையில் ஈ விரட்டும் விசிறி மட்டும் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. கட்டம் போட்ட லுங்கியும் கை வைத்த பனியனுமாக அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

“ஞாயித்துக்கெழமை இந்தக் கடைவாசல்ல நிக்க இடமிருக்காதுங்க. இப்ப பாருங்க. எதிர்த்த வீட்டுக்காரரே சைக்கிளை மிதிச்சுக்கிட்டு கடைத்தெருவுக்குப் போறாரு, கறி வாங்க.”

“பாய், கறிக்கு ஆடு புடிக்கும்போது எதைப் பாப்பீங்க?” என்று கேட்டாள் விசாலி.

“முதுகைத் தடவிப் பாப்பேன். தூக்கிப் பாப்பேன். கை எடை சொல்லும்.”

“காதை?”

“காதையா?” பக்கீர் முதல்முறையாகச் சிரித்தார். “காது என்ன கிலோ கணக்குலயா இருக்கு?”

விசாலி ஒரு வில்லையை நீட்டினாள். முன்பக்கம் ஒரு தகடு, பின்பக்கம் ஒரு தகடு, நடுவே காதைத் துளைத்துப் போகும் குட்டித் தண்டு. மாட்டினால் மாட்டியதுதான். கழற்ற வராது. திருடன் அந்தத் தண்டை நறுக்கியிருந்தான்.

“திமிர்ற ஆட்டைப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு தகட்டுக்கும் நடுவுல ஆயுதத்தை விட்டு, காதுல கீறல் படாம நறுக்கியிருக்கான். ஒரு துளி ரத்தம் இல்ல. கறிக்கு வெட்டப்போறவனுக்கு இம்புட்டுப் பொறுமை எதுக்கு பாய்?”

பக்கீர் வில்லையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“எனக்குன்னா ஒரு வெட்டு. காதோட சேத்து எடுத்துருவேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன்,” என்று விசாலி படியிறங்கினாள்.

காரில் ஏறியதும் ஜெபக்குமார் திரும்பினார். “ஆச்சி, விளங்குற மாதிரி சொல்லுங்க. திருடன் காதுமேல கருணை வச்சவனா?”

“காது அவனுக்கு வேணும்ணே. அந்தக் காதுல அவன் வேற ஒரு கம்மலை மாட்டணும்.”

ஜெபக்குமார் கியர் போட மறந்தார். வேறொரு வில்லை என்றால் வேறொரு நம்பர். வேறொரு நம்பர் என்றால் வேறொரு சொந்தக்காரி. ஆடு கத்தியை நோக்கிப் போகவில்லை. எங்கோ இன்னொரு பெண்ணின் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“அப்ப அந்த விக்ரம் பயதான்! கம்மல் மாட்டுற மிஷினு அவன் கையில. செத்துப்போச்சுன்னு எழுதச் சொன்னவனும் அவன்.”

“ஆடு காணாமப் போன நேரமெல்லாம் அவன் எங்க இருந்தான்னு கேப்போம். வண்டியை எடுங்க.”

பிச்சையம்மாளின் வீட்டுப் புதிய ஓடுகள் வெயிலில் பளபளத்தன. அடுத்து இருந்த ஆட்டுக்கொட்டகை வெறிச்சோடிக் கிடந்தது. கடைசியாகத் திருட்டுப் போனது அவளுடைய இரண்டு ஆடுகள்தாம். ஆனால் அழுது வடிகிற ஆளில்லை அவள்.

“எங்க வெள்ளச்சி எமன் வந்தாக்கூடக் கத்தி ஊரைக் கூட்டிருவா ஆச்சி. அன்னிக்கி ஒரு சத்தம் இல்ல. பக்கத்து வீட்டு மாமா வாசல்லயே கட்டில் போட்டுப் படுத்திருந்தாரு, அவருக்கே தெரியல. நாங்க எல்லாரும் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம்.”

“விக்ரம்?”

“அவருதான கூட்டத்தை நடத்துறாரு. அசைய விடமாட்டாரு. ‘ஆடுகளைப் பாதுகாப்பது எப்படி’ன்னு படம் வேற போட்டுக் காமிச்சாரு அன்னிக்கி.”

ஜெபக்குமார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “நீங்க உள்ள பாதுகாப்பைப் படிக்க, வெளிய ஆடு போயிருச்சு!”

பிச்சையம்மாளும் சிரித்தாள். விசாலி குனிந்து கொட்டகைத் தரையில் கிடந்த ஒரு காய்ந்த காம்பைப் பொறுக்கினாள். “அகத்திக்கீரை போடுவீங்களா?”

“அகத்தியா? அதை வெலைக்குல்ல வாங்கணும். நாங்க வேப்பந்தழை, கருவேலங்காயி. நாராயணன் அண்ணன் புது ஆடு ஏத்திக்கிட்டு வரும்போது வண்டியில அகத்திக்கட்டு தொங்கும். மத்தபடி எங்க ஆட்டுக்கு அது விருந்துச் சாப்பாடு.”

“யாரு நாராயணன்?”

“கம்பெனிக்குச் சந்தை சந்தையாப் போய் ஆடு வாங்கித் தாரவரு. ஆடெல்லாம் அவரு ஹாரன் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டும்.”

அப்போது இன்னொரு பெண் வந்தாள். தலையில் புல்லுக்கட்டு, இடுப்பில் பல் வைத்த கருக்கரிவாள். பிச்சையம்மாள் அவளைப் பெருமையாக முன்னால் இழுத்தாள்.

“இவதான் எங்க இருளாயி. கம்பெனிக்காரங்க எங்க கூட்டம் போட்டாலும் இவ படத்தைத்தான் மாட்டுவாங்க. ஒண்ணுமில்லாம வந்தவ, ரெண்டு ஆட்டைப் பத்தாக்குனா. மொதமொதல்ல காணாமப் போனதும் இவ ஆடுதான். பாவம்.”

இருளாயி சிரிக்கவில்லை. புல்லுக்கட்டை இறக்கினாள், புடவை முந்தியால் கழுத்தைத் துடைத்தாள்.

“ஒங்க ஆட்டோட கம்மலும் வாசல்லதான் கெடந்துச்சா?” என்றாள் விசாலி.

“ஆமா ஆச்சி.” அவ்வளவுதான். வீட்டுக்காரர் கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறார், கஞ்சி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

விசாலி அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள், “கம்பெனி அடுத்து எந்த ஊருல ஆடு குடுக்கப்போகுது?”

“ஆவுடையார்கோவில்ல, நாளைக்கே! எங்க குழுவையும் இன்னிக்கித்தான் கூப்பிட்டாங்க. இருளாயிதான் மைக்குல பேசப்போறா.”

ஆவுடையார்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் புதுக் குழுப் பெண்கள், புதுப் புடவைகளில். மறுபக்கம் மூங்கில் தட்டிக்குள் ஆடுகள். நடுவில் ஆள் உயர ஃபிளெக்ஸ். அதில் இருளாயி ஓர் ஆட்டை அணைத்தபடி வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டின் நெற்றியில் வெள்ளையாய் ஒரு பிறை. கீழே, ‘வறுமையை வென்றேன்!’

கம்பெனி மேனேஜர் ஹேமா மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விக்ரம் வியர்க்க விறுவிறுக்க ஆடுகளுக்கு வில்லை மாட்டி முடித்திருந்தான். கறம்பக்குடிக் குழு வேனில் வந்து இறங்கியது. ரம்லத் பீவி அண்ணனையும் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தாள். மற்ற பெண்கள் அவருக்கு முகம் கொடுக்காமல் நின்றார்கள்.

விசாலி நேரே மூங்கில் தட்டிக்குள் போய்விட்டாள். ஆடு ஆடாகப் பிடித்துக் காதைத் திருப்பினாள். ஜெபக்குமார் பின்னாலேயே போனார்.

“உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத,” என்று பழக்க தோஷத்தில் ஒரு கிடாவைத் தள்ளினார்.

“இதைப் பாருங்கண்ணே.” ஓர் ஆட்டின் காதில் வில்லையைச் சுற்றிச் செக்கச்செவேலென்று புண். அதன்மேல் ஊதா மருந்து. “இன்னிக்குக் காலையில குத்துன ஓட்டை. இப்ப இதைப் பாருங்க.”

அடுத்த ஆட்டின் வில்லையும் புத்தம்புதுசு. ஆனால் ஓட்டை எப்போதோ ஆறி, தழும்பு காய்த்திருந்தது.

“பழைய காது, புதுக் கம்மல்,” என்றார் ஜெபக்குமார். “எத்தனை?”

“எண்ணிப் பாத்துட்டேன். ஏழு.”

விக்ரமைக் கூப்பிட்டபோது அவன் முகம் வெளிறியது. “மேடம், நாராயணன் சார்தான் சொன்னார், சந்தை ஆட்டுல சிலதுக்கு முன்னாடியே ஓட்டை இருக்கும்னு. குத்துற வேலை மிச்சம்னு நானும்...” அவன் திருடனில்லை. சோம்பேறி.

நாராயணன் தானாகவே வந்தார். நெற்றியில் சந்தனம், சட்டையில் அத்தர், கும்பிட்ட கை இறங்கவே இல்லை. “வாங்க வாங்க, என்ன விஷயம்?”

“இந்த ஏழு ஆடும் எங்க வாங்கினதுங்க?”

“சந்தையில.”

விசாலி பிச்சையம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். பிச்சையம்மாளுக்கு அவ்வளவு போதும். “ஏ வெள்ளச்சீ!” என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். மூங்கில் தட்டி ஆடியது. ஒரு வெள்ளாடு மற்றதன் முதுகில் ஏறித் தாண்டி, இரண்டு நாற்காலிகளைச் சாய்த்துக்கொண்டு வந்து அவள் வயிற்றில் முட்டியது. கறம்பக்குடிப் பெண்கள் ஆளாளுக்குக் கத்தத் தொடங்கினார்கள். “செவல!” “ஏ ராணி!” பந்தல் சந்தையாயிற்று.

ஹேமா மைக்கைக் கீழே வைத்தாள். “நாராயணன் சார், என்ன இது?”

நாராயணன் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“மோசம் போயிட்டேன் மேடம்! இந்த ஏழும் நான் சந்தையில வாங்கல. மலிவா வருதேன்னு ஒரு ஆளுகிட்ட வாங்கினேன். இதோ நிக்கிறாரே, பக்கீர் பாய், இவருகிட்ட!”

கூச்சல் நின்றது. எல்லாப் பார்வையும் பக்கீர் மேல் விழுந்தது. ரம்லத் பீவி அண்ணனின் கையைப் பிடித்தாள். ஆட்டைக் காட்டிக் கொடுக்க வந்து, ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டோமோ என்று ஜெபக்குமார் பயந்தார்.

விசாலி மட்டும் நிதானமாகக் கேட்டாள். “பாய்கிட்ட வாங்கும்போது காதுல கம்மல் இருந்துச்சுங்களா?”

நாராயணன் கண் சிமிட்டினார். “இல்ல. சத்தியமா இல்ல. வெறும் ஓட்டைதான் இருந்துச்சு.”

“இந்தக் கம்பெனிக்கு ஆரம்பத்துலேருந்து ஆடு வாங்கித் தாரீங்க. எத்தனையோ ஆட்டுக்குக் கம்மல் குத்துறதைப் பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க. ஏழு ஆடு, ஏழு காதுலயும் ஒரே இடத்துல, ஒரே அளவுல ஓட்டை. அது என்ன ஓட்டைன்னு உங்களுக்கா தெரியாது? கம்மல் இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா, தெரிஞ்சே வாங்கினீங்க. இல்லைன்னு சொன்னாலும் தெரிஞ்சேதான் வாங்கினீங்க. எந்தப் பக்கம் எறங்குறீங்க?”

ஹேமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சந்தை ஆடுன்னுதான எங்கிட்ட சொன்னீங்க?”

நாராயணனின் பதிலை அவர் கால்கள்தாம் சொல்லின. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்கு வெளியே ஓடினார். அங்கே அவருடைய மினி லாரி நின்றது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

ஓடிப் பிடிக்கிற வயதில்லை ஜெபக்குமாருக்கு. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பழைய கண்டக்டர் விசிலை எடுத்து நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து நீளமாக ஒரே ஊது.

கிறீச்சென்று லாரி நின்றது.

டிரைவர் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி தானே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். ஜெபக்குமார் மூச்சு வாங்க வந்து எட்டிப் பார்த்தார். “அட, நம்ம முத்தழகு! விசில் சத்தம் கேட்டா பிரேக்குல கால் வைக்கிற பழக்கம் இன்னும் போகலயாடா?”

அறந்தாங்கி ரூட்டில் அவரோடு ஓடிய பழைய டிரைவர். பழைய கண்டக்டரைக் கண்டதும் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டான். “அண்ணே, என்னை விட்ருங்கண்ணே. அவர் சொன்ன தெருவுல வண்டியை நிறுத்தினேன், அம்புட்டுத்தான். பொம்பளைங்க கூட்டத்துக்குப் போற நேரமாப் பாத்து, அகத்திக்கீரையைக் காமிச்சு அவர்தான் ஆட்டை ஏத்துவாரு.” சீட்டுக்கு அடியில் கிடந்த கட்டிங் பிளேயரையும் அவனே எடுத்துக் கொடுத்தான். அதன் வாயில் மஞ்சள் பிளாஸ்டிக் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

ஹேமா போலீஸுக்குப் போன் செய்தாள். பெண்கள் நாராயணனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அந்த வட்டத்தைத் தாண்டி ஓட எந்த ஆண்பிள்ளைக்கும் துணிச்சல் வராது.

“ஏழு ஆட்டையும் வண்டியில ஏத்துங்கடி,” என்றாள் ரம்லத் பீவி.

“ஏழா?” முத்தழகு குழம்பினான். “நாங்க எடுத்தது ஆறுதானேக்கா. மொத ஆடு திருட்டு இல்ல. அது வெலைக்கு வாங்கினது.”

விசாலி கண்ணை மூடித் திறந்தாள். இதை அவள் எதிர்பார்த்தாள், ஆனால் விரும்பவில்லை என்று ஜெபக்குமாருக்குத் தோன்றியது.

தட்டிக்குள் ஆறு ஆடுகளுக்குச் சொந்தக்காரிகள் கிடைத்துவிட்டார்கள். ஏழாவது ஆடு யாரும் கூப்பிடாமலே வெளியே வந்திருந்தது. நேரே ஃபிளெக்ஸுக்குக் கீழே போய், அங்கே தனியாக நின்ற இருளாயியின் முந்தானையைக் கவ்வி இழுத்தது. அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். ஆடு விடவில்லை. அதன் நெற்றியில் வெள்ளைப் பிறை. அவள் தலைக்குமேல், படத்தில் இருந்த ஆட்டுக்கும் அதே பிறை.

ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

விசாலி கைப்பையிலிருந்து அந்த ஒற்றை வில்லையை எடுத்து அவளருகில் போனாள். தாழ்ந்த குரலில்தான் பேசினாள். “மத்த ஆறும் பிளேயர்ல ஒரே நறுக்கா நறுக்கினது. இது மட்டும் பல்லுப் பல்லா அறுத்திருக்கு. கருக்கரிவாளால, மெதுவா, காது நோகாம. தன் ஆடா இருந்தாத்தான் அம்புட்டு நேரம் அது நிக்கும்.”

இருளாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆடு அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது.

“அவரு தென்னையிலேருந்து விழுந்து கெடக்குறாரு. ஆஸ்பத்திரிக்கே எல்லாம் போச்சு. குட்டிகளை ஒண்ணொண்ணா வித்தேன். தவணை நெருங்குச்சு. நான் கட்டலைன்னா குழுவுல எல்லாரும் சேந்து எனக்காகக் கட்டணும். ஊரு ஊருக்கு எம் படத்தை மாட்டி வச்சிருக்காங்க. அந்த இருளாயி போய் எப்புடிக் கையேந்துவா? நாராயணன்கிட்ட வித்துட்டேன். கம்மலை அறுத்து வாசல்ல போட்டுட்டு, திருடு போச்சுன்னு சொன்னேன். ‘கம்மல் கெடந்தா செத்துப்போச்சுன்னு பணம் வாங்கிக்குவாளுங்க, போலீஸுக்குப் போகமாட்டாளுங்க போலயே’ன்னு அவன் சிரிச்சான். அப்ப எனக்கு வெளங்கல.”

“வெளங்குனப்புறம்?” ரம்லத் பீவியின் குரல் சாட்டை மாதிரி வந்தது. “எங்க அண்ணனைத் தெருவே திருடன்னு பாத்துச்சே. அப்ப எங்கடி போச்சு ஒன் வாயி?”

இருளாயி எழுந்து பக்கீர் முகமதுவின் முன்னால் போய் நின்றாள். அவர்தான் முதலில் பேசினார், அந்தச் சின்னக் குரலில்.

“எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? நான் திருடலைன்னு எனக்குத் தெரியும். தெருவுக்குச் சொல்லு.”

ஹேமா சங்கடத்தோடு ஃபிளெக்ஸைப் பார்த்தாள். “இதைக் கழற்றச் சொல்லிடறேன். இன்னிக்கு நிகழ்ச்சியையே தள்ளி வச்சிடலாம்.”

“எதுக்குத் தள்ளணும்?” என்றாள் ரம்லத் பீவி. கோபத்தில் மூக்கு சிவந்துதான் இருந்தது. ஆனால் அவள் கோபம் இப்போது பல பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. “இவ புருஷன் விழுந்தப்ப நாங்க எல்லாரும் பழம் வாங்கிக்கிட்டுப் போய்ப் பாத்தோம். தவணைக்கு என்னடி பண்ணுவேன்னு ஒருத்தி கேக்கல. நானும் கேக்கல. படத்துல சிரிக்கிறாளே, இவளுக்கென்ன கொறைன்னு நெனச்சோம். தெருவுல ஒவ்வொரு வீடா இவளே போய் எங்க அண்ணன் மேல தப்பில்லைன்னு சொல்லணும். அது நாளைக்கு. இப்ப மைக்குல பேச இவளைத்தான கூட்டியாந்தீங்க? பேசட்டும்.”

இருளாயி மைக் முன்னால் போனாள். ஆடும் கூடவே போனது. எழுதிக் கொடுத்த பேச்சை அவள் எடுக்கவில்லை.

“நான்தான் இந்தப் படத்துல இருக்குறவ,” என்றாள். “ஆட்டால நான் முன்னுக்கு வந்தது நெசம். மூணு வேளை சாப்பிட்டது நெசம். நடுவுல ஒரு அடி விழுந்துச்சு, அப்ப பக்கத்துல இருந்தவகிட்ட வாயைத் தொறந்து சொல்லாம, பொய் சொன்னேன். அதுல ஆறு ஆடு போச்சு. ஒரு நல்ல மனுசன் பேரு போச்சு. ஆட்டுக்கு வாங்குன கடனை அடைச்சுருவேன். இதை எப்புடி அடைக்கிறதுன்னு தெரியல.”

அவ்வளவுதான் பேசினாள். யாரும் கை தட்டவில்லை. பந்தலுக்கு மேலே காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. புதுக் குழுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, கடையைக் கட்டிவிடுவார்கள் என்று ஜெபக்குமார் நினைத்தார்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. நேரே இருளாயியிடம் வந்தாள்.

“அக்கா, எனக்கு ஆடு பாத்து எடுக்கத் தெரியாது. நீங்க வந்து பொறுக்கிக் குடுங்க.”

இருளாயி அவள் முகத்தையே பார்த்தாள். “நானா?”

“உள்ளதைச் சொல்லுவீங்கள்ல?”

இருளாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூங்கில் தட்டிக்குள் இறங்கி, நாராயணன் கொண்டுவந்து நிறுத்தியிருந்ததிலேயே வாட்டசாட்டமான ஆட்டைப் பிடித்து, அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாள்.

“இது வேணாம் தாயி,” என்றாள். “கெழடு.”